‘பித்தளை’ போதும், ‘ஈயப் பித்தளை’ போதாது

கடைந்து செய்ய வேண்டிய ஓர் உதிரிபாகத்தின் வரைபடத்தில், மூலையில் ‘லெடட் பிராஸ்’ என்று இருக்கிறது. அதை ‘ஈயம் கலந்த பித்தளை’ என்று தமிழில் எழுதிக் கடைக்கு அனுப்பினால் என்ன வரும்? எது வேண்டுமானாலும் வரலாம். தமிழில் ஈயம் இரண்டு. பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் பூசுவது வெள்ளீயம், ஆங்கிலத்தில் ‘டின்’. கடைசல் எந்திரமான லேத்தில் உலோகச் சீவலைத் துண்டு துண்டாக நறுக்கித் தருவது காரீயம், ஆங்கிலத்தில் ‘லெட்’. இரண்டையும் பித்தளையில் சேர்ப்பதுண்டு, ஆனால் வெவ்வேறு வேலைக்கு. சுமார் 3 சதவீதம் காரீயம் சேர்ந்தால் கடைசலுக்கு ஏற்ற சரக்கு. 1 சதவீதம் வெள்ளீயம் சேர்ந்தால் கடல்நீரைத் தாங்கும் சரக்கு. ‘பித்தளை’ என்ற சொல்லில் ஒரு குறையும் இல்லை. அதற்கு முன்னால் ஒட்டும் அடைமொழியில்தான் தமிழ் சறுக்குகிறது.

முதலில் பொருளைப் பார்த்துவிடலாம். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் சேர்ந்த உலோகக்கலவை. செம்போடு வெள்ளீயம் சேர்ந்தால் வெண்கலம். பட்டறையில் ‘கன்மெட்டல்’ என்கிறார்களே, அது செம்பு 88, வெள்ளீயம் 10, துத்தநாகம் 2 என்ற கணக்கு. துத்தநாகம் கொஞ்சம் இருந்தாலும் அது வெண்கலக் குடும்பம்தான். இந்தப் பிரிவினையில் தமிழ் ஆங்கிலத்தைவிடத் தெளிவாகவே இருந்திருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் ‘பிராஸ்’ என்றால் செம்பு, வெண்கலம், பித்தளை மூன்றையும் குறிக்கும். பாலைவனத்தில் மோசே செய்த பாம்பை ஜேம்ஸ் மன்னர் கால ஆங்கில பைபிள் ‘பிராஸ்’ பாம்பு என்கிறது. தமிழ் பைபிளில் அது ‘வெண்கல சர்ப்பம்’. ஆகவே பழைய ஆங்கில நூல்களை மொழிபெயர்க்கிறவர்கள் ‘பிராஸ்’ என்று கண்டதும் பித்தளை என்று போட்டுவிடக் கூடாது.

சொல்லின் பிறப்புக்கு வருவோம். சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி இதை வடமொழி ‘பித்தலா’வோடு இணைக்கிறது. வடமொழியில் பித்தம் என்பது உடம்பில் ஊறும் மஞ்சள் நீர். பீதம் என்றால் மஞ்சள் நிறம். பீதாம்பரம் என்ற மஞ்சள் பட்டாடையில் இருப்பதும் அந்தப் பீதம்தான். பித்தளை விளக்கும் பொடிக்குப் ‘பீதாம்பரி’ என்று பெயர் வைத்தவர்கள் பொருத்தமாகவே வைத்திருக்கிறார்கள். இந்தியில் பீதல், மராட்டியில் பிதள், மலையாளத்தில் பிச்சள, தெலுங்கில் இத்தடி, கன்னடத்தில் ஹித்தாளெ.

இவற்றில் கன்னடச் சொல் ஒரு காலக்குறிப்பைச் சுமந்து நிற்கிறது. பால் அங்கே ஹாலு, பல் ஹல்லு, பூ ஹூவு. சொல் முதலில் நின்ற பகரம் ஹகரமான இந்த மாற்றம் ஏறத்தாழ 10ஆம் நூற்றாண்டில் தொடங்கி அடுத்த சில நூற்றாண்டுகளில் பரவியது. அந்த மாற்றத்தில் சிக்கி ஹித்தாளெ ஆகியிருப்பதால், அது பரவி முடிவதற்கு முன்பே இந்தச் சொல் கன்னட வாயில் புழங்கியிருக்க வேண்டும். இவ்வளவு நாளாகத் தென்னாட்டில் குடியிருக்கும் சொல்லைத் தள்ளிவிட்டுப் ‘பொன்மாழை’ போல ஒரு புதுச்சொல்லை ஆக்குவதில் பயனில்லை. நிகண்டுகள் இரதி, ஆரகூடம் என்று வேறு பெயர்களும் தருகின்றன. அவையும் வடமொழி வழி வந்தவையே; இன்று யாருக்கும் புரியாது.

‘பித்தலாட்டம்’ இதிலிருந்து வந்தது, பித்தளையைப் பொன்னென்று காட்டி ஆடும் ஆட்டம் அது, என்று சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கிறது என்பதைத் தாண்டி அதை நம்ப வேண்டியதில்லை. முலாம் போனால் பித்தளை பல்லிளிக்கும் என்ற வழக்கு மட்டும் நிச்சயமாகப் பித்தளையைப் பற்றியது.

துத்தநாகம் என்ற பெயருக்கும் ஒரு பயணம் உண்டு. போர்த்துகீசியர் வாயில் அது ‘துத்தனாகா’ ஆகி, ஆங்கில வணிகர் கணக்கேடுகளில் ‘டூட்டனாக்’ ஆனது. மயில்துத்தம் என்பதில் இருக்கும் துத்தமும் இதன் உறவுதான், ஆனால் மயில்துத்தம் செம்பின் உப்பு. பெயரைப் பார்த்து அதில் துத்தநாகம் இருக்கிறது என்று நினைத்துவிட வேண்டாம்.

இந்த உலோகத்தின் குணம் தெரிந்தால்தான் பித்தளையின் வரலாறும் வார்ப்புப் பட்டறையின் தொல்லையும் விளங்கும். துத்தநாகம் 420 டிகிரி செல்சியசில் உருகி 907 டிகிரியில் கொதித்து ஆவியாகிவிடும். செம்பு உருகவே 1085 டிகிரி வேண்டும். தாதுவிலிருந்து துத்தநாகத்தைப் பிரிக்கப் போனால் அது புகையாகப் பறந்துவிடும். அதனால் ரோமானியர்கள் துத்தநாகத் தாதுவையும் கரியையும் செம்புத் துண்டுகளோடு மூடிய குகையில், அதாவது உலோகம் உருக்கும் மண்கலத்தில், வைத்துச் சுட்டார்கள். ஆவி செம்புக்குள்ளேயே ஊறியது. இப்படிச் செய்தால் துத்தநாகம் 30 சதவீதத்துக்கு மேல் ஏறுவது கடினம். ராஜஸ்தானின் ஜாவரில் ஆவியைக் கீழ்நோக்கி இறக்கிக் குளிரவைத்துத் துத்தநாகத்தைத் தனியே வடித்தார்கள். இங்கிலாந்தில் பிரிஸ்டலைச் சேர்ந்த வில்லியம் சாம்பியன் அதற்குக் காப்புரிமை பெற்றது 1738இல்தான். துத்தநாகம் தனியாகக் கையில் கிடைத்த பிறகே 60க்கு 40 என்ற கலவையை நினைத்தபடி செய்ய முடிந்தது.

வார்க்கிறவர்களுக்கு அந்த 907 டிகிரி இன்றும் தலைவலி. குகையிலிருந்து வெள்ளைப் புகை எழுந்தால் துத்தநாகம் போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். செம்பை முதலில் உருக்கிவிட்டு, துத்தநாகத்தைக் கடைசியில், போகப்போகும் அளவையும் கணக்கிட்டுச் சற்றுக் கூடுதலாகச் சேர்க்க வேண்டும். பழைய சரக்கைத் திரும்பத் திரும்ப உருக்கினால் ஒவ்வொரு தடவையும் கலவை செம்புப் பக்கம் நகரும். அந்தப் புகையை முகர்ந்தவருக்கு அன்று இரவு குளிரும் காய்ச்சலும் வரும். பித்தளைக் காய்ச்சல் என்றே அதற்குப் பெயர். ஓரிரு நாளில் தணியும் என்பதற்காக அலட்சியம் கூடாது. காற்றோட்டமும் புகை உறிஞ்சியும் வேண்டும்.

இனி வகைகள். துத்தநாகம் சுமார் 35 சதவீதம் வரை செம்புக்குள் முழுக்கக் கரைந்து ஒரே படிக அமைப்பாக நிற்கும். அது குளிர்ந்த நிலையில் நன்றாக நீளும். செம்பு 70, துத்தநாகம் 30 என்பது தோட்டா உறைப் பித்தளை. தகட்டைக் குழாய்போல ஆழமாக இழுக்கலாம், லேத்தில் போட்டால் மட்டும் சீவல் நாடாவாக நீண்டு, வெட்டும் கருவியான டூலைச் சுற்றிக்கொள்ளும். 60க்கு 40 ஆகும்போது கெட்டியான இரண்டாவது படிகமும் சேர்கிறது. குளிரில் வளைத்தால் விரிசல் விடும். 700 டிகிரி அளவில் சூடாக்கி அச்சில் அடித்தால் மெழுகுபோல உருக்கொள்ளும். குழாய் வால்வுகளின் உடலை அப்படித்தான் அடித்தெடுக்கிறார்கள். 1832இல் ஜார்ஜ் ஃப்ரெடரிக் மன்ட்ஸ் மரக்கப்பல்களின் அடிப்பகுதிக்குக் காப்புரிமை பெற்ற தகடும் இந்தக் கலவைதான். அதில் 1 சதவீதம் வெள்ளீயம் சேர்த்தால் கடற்படைப் பித்தளை.

கடைசலுக்கு வருவது இவற்றோடு காரீயம் சேர்ந்தது. அமெரிக்கக் குறியீடு சி36000, ஐரோப்பியக் குறியீடு சிடபிள்யூ614என், இந்தியத் தரம் ஐஎஸ் 319. மற்ற செம்புக் கலவைகள் எவ்வளவு சுலபமாகக் கடையும் என்று சொல்லும்போது, சி36000ஐ 100 என்று வைத்து அதோடு ஒப்பிட்டுத்தான் எண் தருகிறார்கள். காரீயம் பித்தளையில் கரையாது. நுண்ணிய துளிகளாக ஆங்காங்கே நிற்கும். டூல் வரும்போது அந்த இடங்களில் சீவல் ஒடியும். டூல் முனைக்கு அது மசகாகவும் ஆகும். குஜராத்தின் ஜாம்நகரில் சிறு பட்டறைகள் நட்டும் டெர்மினலும் மூட்டை மூட்டையாகக் கடைந்து தள்ள முடிவது இந்தத் துளிகளால்தான்.

இந்தச் சரக்கின் ஆங்கிலப் பெயரான ‘ஃப்ரீ கட்டிங் பிராஸ்’ என்பதை ‘கட்டற்ற வெட்டுப் பித்தளை’ என்று எழுதியவர்களும் உண்டு. அது சொல்லைச் சொல்லால் பெயர்த்த கேடு. கடைதல், கடைசல் என்பவை மரத்திலும் உலோகத்திலும் லேத் வேலைக்குத் தமிழில் வழங்கும் சொற்கள். ‘கடைசல் பித்தளை’ என்று சொன்னால் பட்டறையில் யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள். அகராதிக்காரர்களும் இதையே எடுத்துக்கொள்ளலாம். காரீயத்தைக் குறிப்பிட்டே ஆக வேண்டிய இடத்தில் ‘காரீயப் பித்தளை’.

அந்தக் கடைசலை ஒரு தடவை அருகில் நின்று பார்க்கலாம். 20 மில்லிமீட்டர் விட்டக் கம்பி, அதிவேக உருக்கு டூல், வெட்டுவேகம் நிமிடத்துக்கு 90 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் சுற்று நிமிடத்துக்குச் சுமார் 1430. கார்பைடு டூலானால் இரண்டு மடங்கும் போகலாம், லேத் தாங்கினால். டூலின் மேல்முகம் தட்டையாக இருக்க வேண்டும். உருக்குக்குத் தீட்டியதுபோல மேல்முகத்தைப் பின்னோக்கிச் சரித்தால், பித்தளை டூலைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். ட்ரில்லில் இது இன்னும் மோசம். துளை மறுபக்கம் திறக்கும் நொடியில் ட்ரில் திருகாணிபோல உள்ளே பாய்ந்து, வேலைத்துண்டைப் பிடியிலிருந்து பிடுங்கிச் சுழற்றிவிடும். ட்ரில்லின் இரண்டு வெட்டு விளிம்புகளிலும் எண்ணெய்க் கல்லால் அரை மில்லிமீட்டருக்கும் குறைவாக ஒரு தட்டை முகம் தேய்த்துவிட்டால் இந்தப் பாய்ச்சல் அடங்கும். அந்த ட்ரில்லைப் பித்தளைக்கென்றே தனியே வைத்துக்கொள்வது நல்லது. அரமும் அப்படியே: புது அரத்தை முதலில் பித்தளைக்குப் பயன்படுத்தி, கூர் குறைந்த பிறகு இரும்புக்குக் கொடுப்பார்கள். இரும்பில் ஓடிய அரம் பித்தளையில் வழுக்கும்.

எம் 6, அதாவது 6 மில்லிமீட்டர், மரைக்கு 5 மில்லிமீட்டர் துளை. கடைசல் பித்தளையில் எண்ணெய் இல்லாமலே மரை வெட்டும் டேப் இறங்கும். சீவல் ஊசிபோலத் தெறிக்கும், கண்ணாடி இல்லாமல் நிற்கக் கூடாது. அளவு பார்ப்பதில் ஒரு கண்ணி இருக்கிறது. 100 மில்லிமீட்டர் பித்தளை 30 டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 0.06 மில்லிமீட்டர் நீளும், உருக்கைவிட ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்கு. வேகமாகக் கடைந்து சூட்டோடு சூடாக மைக்ரோமீட்டர் வைத்தால் சரியாக இருக்கும். மதியம் பரிசோதனையில் அளவு குறைந்து நிற்கும். சீவலை இரும்பு, அலுமினியத்தோடு சேராமல் தனியே வாரி வைத்தால்தான் விலை போகும். இரும்புத் துகள் கலந்தால் மறுபடி உருக்கியதில் கல்போன்ற புள்ளிகள் விழுந்து அடுத்தவர் டூலை உடைக்கும்.

பித்தளை கெடும் விதங்களுக்கும் சொல் வேண்டும். மேலே பச்சை படிவது களிம்பு. செம்பில் களிம்பு என்று சைவ சித்தாந்தம் ஆணவத்துக்கு உவமை சொன்ன அதே களிம்பு. புளியிட்டுத் தேய்த்தால் போகும். உள்ளே நடப்பது வேறு. சில தண்ணீரில் துத்தநாகம் மட்டும் கரைந்து வெளியேறி, வால்வின் உருவம் மாறாமல் செந்நிறப் பஞ்சுபோன்ற செம்பு எஞ்சும். ஸ்பேனர் வைத்தால் பொடிந்துவிடும். இது துத்தநாக இழப்பு. கலவையில் 0.02 முதல் 0.15 சதவீதம் ஆர்செனிக் சேர்த்து இதற்கென்று ஒரு வகை செய்கிறார்கள்.

மூன்றாவது கேடு தெரிய வந்தது இந்தியாவில்தான். ஆங்கிலேயர் கால ராணுவத்தில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்த தோட்டாக்களின் பித்தளை உறைகள், யாரும் தொடாமலே வாய் பிளந்தன. உறையை இழுத்து உருவாக்கியபோது உலோகத்தில் தங்கிய தகைவும் (உள்ளிறுக்கமும்), குதிரைச் சிறுநீரிலிருந்து எழுந்த அம்மோனியாவும், ஈரமும் சேர்ந்த விளைவு. மழைப் பருவத்தில் நடந்ததால் ஆங்கிலத்தில் ‘சீசன் கிராக்கிங்’. தமிழில் ‘பருவ வெடிப்பு’ சரியாகப் பொருந்துகிறது. பாடநூல் நடையில் ‘தகைவரிப்பு வெடிப்பு’ என்றும் எழுதலாம். குளிரில் வளைத்த துண்டை 250 முதல் 300 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்துத் தகைவை இறக்கிவிட்டால் போதும். அம்மோனியா கலந்த தரை துடைக்கும் திரவம் உள்ள அறையில் பித்தளைப் பொருத்திகளை அடுக்கி வைப்பதும் தவறு.

குடிநீர்க் குழாய்க்குச் செய்கிறவர்கள் காரீயத்தை இன்னொரு காரணத்துக்காகவும் பெயர் சொல்லிக் குறிப்பிட வேண்டியிருக்கிறது. அமெரிக்காவில் 2014 முதல், தண்ணீர் படும் பரப்பில் காரீயம் சராசரி 0.25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அங்கே கடைசல் பித்தளை செல்லாது. பிஸ்மத் அல்லது சிலிக்கான் சேர்ந்த வகைகள் வந்திருக்கின்றன. அவை கடைசலில் இவ்வளவு இளகிக் கொடுப்பதில்லை, டூலும் சீக்கிரம் தேயும். ஆர்டரில் ‘ஈயம் இல்லாத பித்தளை’ என்று எழுதினால் பழைய குழப்பமே திரும்பும். ‘காரீயம் நீக்கிய பித்தளை’ என்று எழுத வேண்டும்.

கடைக்கு அனுப்பும் சீட்டு இப்படி இருக்கட்டும்: கடைசல் பித்தளை உருண்டைக் கம்பி, ஐஎஸ் 319, விட்டம் 25 மில்லிமீட்டர், நீளம் 1 மீட்டர், 12 துண்டு. பித்தளையின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 8.5 கிராம். அந்தக் கணக்கில் ஒரு துண்டு 4.17 கிலோ, மொத்தம் 50 கிலோ. எடைத்தட்டில் வேறு எண் வந்தால், கம்பியின் விட்டத்தை அங்கேயே ஒரு தடவை அளந்து பார்த்துவிடுங்கள்.