வீட்டுத் திரையரங்குக் கணினியில் படம் எங்கே பழுதாகிறது?

பழைய அலுவலகக் கணினி ஒன்றில் லினக்ஸ் இயங்குதளத்தையும், படங்களை ஓட்டும் கோடி (Kodi) மென்பொருளையும் நிறுவி, எச்டிஎம்ஐ வடத்தால் தொலைக்காட்சியுடன் இணைத்துவிட்டால் வரவேற்பறையே திரையரங்காகிவிடும். ஆனால் படம் நடுவே கிழிந்தாலோ, பச்சைக் கட்டங்கள் பரவினாலோ, வெண்புள்ளிகள் மின்னினாலோ பலரும் உடனே கிராபிக்ஸ் அட்டையைத்தான் சந்தேகிக்கிறார்கள். காணொளியின் ஒரு சட்டகம், அதாவது ஒரு தனிப்படம், கண்ணை வந்தடையும் முன்னர் குறிவிலக்கல் (சுருக்கிய கோப்பைப் படமாக விரித்தல்), நினைவகம், திரைக்கு அனுப்பும் சுற்று, வடம், தொலைக்காட்சியின் உள்ளமைப்பு ஆகிய அனைத்தையும் கடக்கிறது. குறை எங்கே நுழைகிறது என்று அறிந்த பின்னரே எதையும் மாற்ற வேண்டும்.

அதற்கு மிக மலிவான கருவி திரைப்பிடிப்பு. குறை தெரியும் நேரத்தில் திரையைப் படமாகச் சேமித்து, அதனை வேறொரு சாதனத்தில் திறந்து பார்க்க வேண்டும். அதிலும் குறை இருந்தால், அது நினைவகத்தில் சட்டகம் உருவாகும்போதே பிறந்தது. இல்லையெனில், அதற்குப் பிந்திய படிகளில் தேட வேண்டும். சில அமைப்புகளில் காணொளி தனி அடுக்காக நேரே திரைக்குச் செல்வதால், திரைப்பிடிப்பில் அந்தப் பகுதி வெறும் கறுப்பாகவே விழும் என்பதையும் நினைவிற்கொள்க.

பச்சைக் கட்டங்கள் பெரும்பாலும் குறிவிலக்கலில் பிறப்பவை. கிராபிக்ஸ் சில்லு செய்யும் வன்பொருள் குறிவிலக்கலை நிறுத்திவிட்டு அதே காட்சியை மீண்டும் ஓட்டினால் உண்மை தெரியும்: கட்டங்கள் மறைந்தால் கிராபிக்ஸ் டிரைவரைப் புதுப்பிக்கலாம்; அதே நொடியில் அதே இடத்தில் மீண்டும் தோன்றினால் கோப்பே பழுது.

கிழிவு வேறு வகை. நொடிக்கு 60 முறை படத்தைப் புதுப்பிக்கும் 60 ஹேர்ட்ஸ் திரைக்கு ஒரு சட்டகத்தை மேலிருந்து கீழாக அனுப்பி முடிக்க ஏறத்தாழ 16.7 மில்லிநொடி ஆகும். அதற்குள் புதிய சட்டகம் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டால், மேற்பாதி பழையதாகவும் கீழ்ப்பாதி புதியதாகவும் தெரியும். இது நேரத்தில் நிகழும் பிழை என்பதால் திரைப்பிடிப்பில் அகப்படாது. லினக்ஸில் திரையை ஆளும் இரு அமைப்புகளுள் புதியதான வேலண்ட் (Wayland) சூழலில் இது அரிது. பழையதான எக்ஸ் (X) சூழலில் இன்டெல், ஏஎம்டி டிரைவர்களின் டியர்ஃபிரீ (TearFree) தெரிவை இயக்கினால் போதும்.

கொழும்பில் இருப்போரை அதிகம் ஏமாற்றுவது அசைவின் தடுமாற்றமே. ரூபவாஹினி போன்ற நமது அலைவரிசைகள் வளர்ந்த பால் (PAL) ஒளிபரப்பு முறை நொடிக்கு 25 சட்டகம், அதாவது 50 புலம் (ஒன்றுவிட்ட வரிகளைக் கொண்ட அரைச் சட்டகம்). திரைப்படங்களோ பொதுவாக 24 சட்டகம். கணினிகள் பெரும்பாலும் 60 ஹேர்ட்ஸையே தேர்ந்துகொள்கின்றன. அப்போது திரைப்படத்தின் ஒரு சட்டகம் இரண்டு முறையும் அடுத்தது மூன்று முறையும் காட்டப்படுவதால், கமரா மெல்லத் திரும்பும் காட்சிகள் தத்தித் தத்தி நகரும். 50 சட்டகக் காணொளியிலோ ஒவ்வோர் ஐந்தாவது சட்டகமும் இருமுறை வரும். இதனைக் கிராபிக்ஸ் அட்டையின் இயலாமை என்று எண்ணிப் புதியது வாங்குவோர் வீண்செலவுதான் செய்கிறார்கள். கோடியில் காணொளிக்கேற்பப் புதுப்பிப்பு வீதத்தை மாற்றும் தெரிவை இயக்கி, தொலைக்காட்சி 24, 50 ஹேர்ட்ஸ்களை ஏற்கிறதா என்று பார்த்தாலே பெரும்பாலும் சீராகிவிடும். பழைய ஒளிபரப்புப் பதிவுகளில் அசையும் விளிம்புகள் சீப்புப் பற்களாகத் தெரிந்தால், அது புலப்பின்னலை, அதாவது இரு புலங்களின் வரிகள் ஒன்றுவிட்டு ஒன்றாகக் கலந்திருப்பதை, நீக்காததன் விளைவு.

மின்னும் வெண்புள்ளிகளுக்கும் ஓரிரு நொடி முழுத்திரை கறுப்பதற்கும் வடமே முதற்சந்தேகம். 60 ஹேர்ட்ஸில் முழு எச்டி படத்துக்கு நொடிக்கு 4.46 கிகாபிட் போதும்; முழு நிற விபரத்துடன் 4கே படத்துக்கு அது 17.8 ஆகிறது. எச்டிஎம்ஐ 2.0 தாங்குவது 18 மட்டுமே. ஆகவே நீளமான, தரம் குறைந்த வடம் முதலாவதைத் தாங்கி இரண்டாவதில் தோற்பது இயல்பு. தெளிவுத்திறனைக் குறைத்ததும் புள்ளிகள் மறைந்தால், பம்பலப்பிட்டிக் கடையில் 18 கிகாபிட் சான்றுடைய, குட்டையான வடம் ஒன்றை வாங்கினால் போதும். கரையோர வீடுகளில் உப்புக்காற்று இணைப்பு முனைகளை அரிக்கக்கூடும் என்பதால், வாங்குமுன் வடத்தைக் கழற்றி முனைகளைப் பார்ப்பது நல்லது.

ஓரங்கள் வெட்டுப்படுவதும் கறுப்பு சாம்பலாவதும் பழுதே அல்ல. முன்னதைத் தொலைக்காட்சியின் பட அளவுத் தெரிவில் சரிசெய்யலாம். பின்னதற்கு, கணினி அனுப்பும் 16 முதல் 235 வரையான ஒளி எல்லையைத் தொலைக்காட்சி 0 முதல் 255 வரை என்று வாசிக்கிறதா என்று பார்த்து, இரண்டையும் ஒன்றாக்கினால் சரியாகிவிடும்.