மாயக்கதையிலும் எதுவும் நடக்க ஏலாது

போன கிழமை ஒரு தம்பி மூன்று கொப்பி நிறைய மாயாஜால நாவல் எழுதிக்கொண்டு மட்டக்களப்புக் கல்லடிக்கு என்னிடம் வந்தார். முதல் கொப்பி முழுக்க அரச வம்சம், பன்னிரண்டு தலைமுறை. கதாநாயகன் பாயை விட்டு எழும்புவது இரண்டாவது கொப்பியில்தான். பிரதி திருத்துகிற எனக்கு இந்த வருடம் இது ஐந்தாவது. இனியும் பேசாமல் இருக்க முடியவில்லை.

வம்சம் நீண்டால் வெட்டலாம், அது பெரிய காரியமில்லை. மூன்றாவது கொப்பிதான் என்னைச் சோதித்தது. நாயகன் சிறையில் கிடக்கிறான். திடீரென்று கழுத்துத் தாயத்து பேசுகிறது, பூட்டு உருகி ஓடுகிறது. அதுவரை அந்தத் தாயத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. கேட்டால், "மாயக்கதைதானே சேர், எதுவும் நடக்கலாம்" என்கிறார்.

நடக்க ஏலாது மனே! எதுவும் நடக்கலாம் என்றால் வாசிக்கிறவருக்கு எதற்குப் பயம் வரும்? மதிலேறுகிறவன் விழுவானோ என்று நெஞ்சு பதற வேண்டிய இடத்தில், இவனுக்குப் பறக்கவும் தெரியும்போல என்று கொட்டாவி விடுவார். மந்திரம் எதைச் செய்யாது என்று முதலில் எழுதுங்கள். யாருக்கு வாய்க்கும், எத்தனை தரம், செய்தவரிடமிருந்து எது போகும்? தாயத்து மூன்றாம் கொப்பியில் பேச வேண்டுமென்றால் முதல் கொப்பியில் ஒருதரமாவது முனக வேண்டும்.

நம்முடைய கூத்தில் விடிய விடியத் தேவரும் அசுரரும் களரியில் இறங்குகிறார்கள். யாரும் கேள்வி கேட்பதில்லை. வடமோடி, தென்மோடி என்று கூத்தில் இரண்டு பாணி உண்டு. ஆனால் வடமோடிக் கூத்தில் ஒருவர் தென்மோடி ஆட்டம் ஆடட்டும், பாயில் சரிந்து கிடக்கும் கிழவியும் எழும்பி உட்கார்ந்துவிடுவார். கூத்துப் பழக்கிய அண்ணாவியார் என்ன செய்வார் என்பதை நான் எழுதப் போவதில்லை.

அப்புறம் இந்தப் பனிமலை. ஐந்து பிரதியில் நான்கில் பனி பெய்கிறது. எழுதியவர்கள் பனிக்கட்டியைக் கண்டது குளிர்சாதனப் பெட்டியில். வீட்டு வாசலில் வாவி கிடக்கிறது ஐயா. இந்தப் பக்கம் எழுவான்கரை, அந்தப் பக்கம் படுவான்கரை. பௌர்ணமி இரவில் பாலத்தடியில் மீன் பாடும் என்கிறோம். தாய்வழியாக வரும் குடிகளும் அவற்றுக்குக் கோயிலில் முறைகளும் உண்டு. மாரி வெள்ளம் ஏறினால் முகத்துவாரத்து மணல்திட்டை வெட்டித் தண்ணீரைக் கடலுக்கு விடுகிறோம். உங்கள் கதையில் அதை வெட்டச் சொல்லும் உரிமை ஒரு குடியின் மூத்த பெண்ணிடம் மட்டும் இருக்கட்டும். வயல் மூழ்குகிறது, இன்றிரவே வெட்டு என்கிறது ஒரு கரை. பௌர்ணமிக்கு முன் வெட்டினால் பாடும் மீன்கள் திரும்பி வரா என்கிறது மற்றக் கரை. பௌர்ணமிக்கு இன்னும் நான்கு நாள். அந்தப் பெண்ணின் மகன் வயல்காரன். இதற்கு வரைபடம் அரைப் பக்கம் போதும்.

முடிவை ஒரு தாளில் எழுதி வைத்துவிட்டுத் தொடங்குங்கள். 'வீ'யில் தொடங்கும் வீரர் ஆறு பேர் வேண்டாம். புது மொழி உண்டாக்குவதைத் தயவுசெய்து தள்ளிப்போடுங்கள், இருக்கிற மொழியில் ஒற்று மிகும் இடம் பிடிபடட்டும். பிரதிக்கு நகல் எடுத்து வையுங்கள், மாரியில் கொப்பி நனைந்து அழுதவர்களைக் கண்டிருக்கிறேன்.

நேற்று அந்தத் தம்பி தொலைபேசியில் கேட்டார்: "தாயத்துப் பேசுகிற ஒவ்வொரு தரமும் அவனுக்கு அம்மம்மாவின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மறந்துபோகும். அப்படி வைக்கலாமா சேர்?"

வைக்கலாம். அம்மம்மாவை முதல் கொப்பியிலேயே கூட்டிக்கொண்டு வாரும் என்றேன்.