தொப்புள்கொடி ரத்தத்தின் முடிவைக் கேட்டு வாங்குங்கள்

மலேசிய அரசு மருத்துவமனையில் பிள்ளை பிறந்ததும் தொப்புள்கொடியிலிருந்து ரத்தம் எடுத்து இரண்டு சோதனை செய்வார்கள். ஒன்று ஜி6பிடி (ரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி குறைவாக இருக்கிறதா என்று பார்ப்பது), மற்றது கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி சரியாக வேலை செய்கிறதா என்று பார்ப்பது. தைராய்டு சோதனை 1998 முதல் இருக்கிறது.

மூளை வளர தைராய்டு ஹார்மோன் வேண்டும். கருவின் முதல் மாதங்களில் அதைத் தருவது தாய்தான்; பிறகும் தாயிடமிருந்து ஓரளவு போய்க்கொண்டிருக்கும். அதனால் சுரப்பி சரியில்லாத பிள்ளையும் பிறக்கும்போது பார்க்க நன்றாகவே இருக்கும். 2 வாரத்துக்குள் தைராய்டு ஹார்மோன் மாத்திரை தொடங்கினால் பெரும்பாலும் மற்ற பிள்ளைகளைப் போலவே வளரும். தாமதித்தால் இழந்ததை மீட்பது கடினம்.

"பிரச்சினை இருந்தால் கூப்பிடுவோம்" என்பார்கள் மருத்துவமனையில். கூப்பிடவில்லை என்றால் நல்லது என்று நாமும் இருந்துவிடுகிறோம். சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் தோட்டத்தில் ஒரு பெண் பிரசவம் முடிந்து வேறு மாநிலத்தில், சுங்கை பட்டாணியில் தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். பிரிபெய்டு நம்பரும் மாறியிருந்தது. மிஸ்ஸி (கிளினிக் தாதி) வந்து, பூட்டிய லயத்து வீட்டைப் பார்த்துத் திரும்பினார். பிள்ளையின் தைராய்டு முடிவு சரியில்லை என்ற செய்தி சேர ஆறு வாரம். கேட்டதற்கு, "ஃபாரத்தில் இருந்த நம்பருக்கு அடித்தோம்" என்றார்கள். எத்தனை தடவை என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

ஆகவே மருத்துவமனை ஃபாரத்தில் இரண்டு நம்பர் எழுதுங்கள். ஒன்று, நீங்கள் பத்தியம் இருக்கப்போகும் வீட்டு நம்பர். வீட்டுக்கு அனுப்பும்போது "ரத்தம் ஓகே" என்றால் அது ஜி6பிடியாக இருக்கலாம். குதிகாலில் குத்துவது மஞ்சள் காமாலைக்கு. இரண்டும் தைராய்டு முடிவு ஆகாது. ஒரு வாரத்தில் நீங்களே கேளுங்கள். கிளினிக் மருத்துவமனையைக் காட்டும், மருத்துவமனை கிளினிக்கைக் காட்டும். சரி, பிள்ளையின் சுகாதாரப் புத்தகத்தோடு கிளினிக்கில் போய் உட்காருங்கள். உங்கள் முன்னாலேயே மிஸ்ஸி போன் அடித்து, முடிவைப் புத்தகத்தில் எழுதும்வரை எழுந்திருக்காதீர்கள்.

பிறப்புப் பத்திரத்துக்கு 60 நாள் இருக்கிறதே என்று தள்ளிப்போடாதீர்கள். பத்திரம் இல்லாமல் பிள்ளையை மருத்துவமனைக்குக் கொண்டுபோனால் கவுண்டரில் வெளிநாட்டவர் கட்டணம் கேட்கும் வம்பு வரலாம்.

கூப்பிட்டால் அன்றைக்கே போங்கள். மண்டோர் (தோட்டத்து மேற்பார்வையாளர்) லீவு தரும்வரை காத்திருக்க வேண்டாம். அங்கே மறுபடி ரத்தம் எடுத்துத்தான் உறுதி செய்வார்கள். மாத்திரையைப் பொடித்து, கொஞ்சம் தண்ணீரிலோ தாய்ப்பாலிலோ கலந்து கொடுங்கள். பால் போத்தல் முழுக்கக் கலந்தால், பிள்ளை மிச்சம் வைக்கும் பாலோடு மருந்தும் போய்விடும். சோயா பால், இரும்புச் சத்து மருந்து இவற்றோடு சேர்க்காதீர்கள். அப்புறம், பிள்ளை கொழுகொழுவென்று ஆனதும் "இனி எதற்கு மருந்து?" என்று பாட்டி கேட்பார். மருத்துவர் சொல்லாமல் நிறுத்தக் கூடாது. நிறுத்திப் பார்ப்பதே பொதுவாக 3 வயதுக்குப் பிறகுதான்.