லீட் – முதன்மைச் செய்தி

செய்தி இணையதளத்தைத் திறந்ததும் பெரிய படத்தோடு எல்லாவற்றுக்கும் மேலே நிற்கும் செய்தியைச் செய்தியறைகளில் ‘லீட்’ என்பார்கள். வேலூர்ச் செய்தியாளர்களும் ‘இன்னைக்கு நம்ம ஊர் மேட்டர்தான் லீட்’ என்றே பேசுகிறார்கள்.

முன்னே சென்று வழிநடத்துதல் எனப் பொருள்படும் பழைய ஆங்கில வினையிலிருந்து பிறந்த சொல் இது. ஒரு செய்தியின் முதல் பத்திக்கும் இதே பெயர் உண்டு.

தமிழில் சிலர் இதனைத் ‘தலைப்புச் செய்தி’ என்று எழுதுவது பொருந்தாது. வானொலிக் காலம் முதல் அச்சொல் செய்திச் சுருக்கத்தையே குறித்து வருகிறது. ‘முகப்புச் செய்தி’ என்பதும் முகப்பில் உள்ள எந்தச் செய்திக்கும் பொருந்திவிடும். ‘முதன்மைச் செய்தி’யே சரியானது.

ஏனைய செய்திகள் பெரும்பாலும் வெளியான நேரப்படி மேலிருந்து கீழே இறங்கிக்கொண்டிருக்க, முதன்மைச் செய்தியை மட்டும் ஆசிரியர் குழு கையால் எடுத்து வைக்கிறது. எத்தனை பேர் படிக்கிறார்கள் என்பதைத் திரையில் பார்த்துக்கொண்டே, வரவு குறைந்தால் தலைப்பை மாற்றுகிறது, அல்லது செய்தியையே கீழே இறக்கிவிடுகிறது. வேலூர்ச் சிப்பாய்ப் புரட்சி நடந்த ஜூலை 10 போன்ற நாள்களுக்கான கட்டுரைகளை முன்பே எழுதி, மக்கள் கைப்பேசியை எடுக்கும் காலை வேளைக்கு நேரம் குறித்து வைத்துவிடலாம். ஆனால் 2019 ஏப்ரல் 18 அன்று நடக்கவிருந்த வேலூர் மக்களவைத் தேர்தல், பணப் பறிமுதலைத் தொடர்ந்து, இரண்டே நாள்களுக்கு முன் ரத்தானதைப் போன்ற செய்தி வந்துவிட்டால், நேரம் குறித்து வைத்தவை எல்லாம் ஒதுங்கி நிற்க வேண்டியதுதான். (படிப்பவர் எண்ணிக்கையை மட்டுமே நம்பும் தளங்களில் அந்த இடம் நடிகர் நடிகையருக்கே போய்விடுகிறது என்பது வேறு கதை.)

தேர்தல் நேரத்தில் இச்சொல்லால் இன்னொரு சிக்கலும் உண்டு, ஏனெனில் வாக்கு எண்ணிக்கையில் முந்துவதையும் நாம் ‘லீட்’ என்றே சொல்கிறோம். தள்ளிப்போன அந்தத் தேர்தல் ஆகஸ்ட் 5 அன்று நடந்து, 9 அன்று வாக்குகள் எண்ணப்பட்டு, திமுக வேட்பாளர் 8,141 வாக்குகள் வித்தியாசத்தில் வென்றார். இவ்வளவு நெருக்கமான போட்டியில் சுற்றுக்குச் சுற்று செய்தியும் புதுப்பிக்கப்படும்; அப்போது ‘லீட் மாறியது’ என்று மட்டும் எழுதினால், மாறியது வேட்பாளரா செய்தியா என்று விளங்காது. வாக்குக்கு ‘முன்னிலை’ என்ற நல்ல சொல் ஏற்கெனவே வழக்கில் இருப்பதால், ‘முதன்மை’யைச் செய்திக்கு ஒதுக்கிவிடலாம்.