60 டிகிரியில் 93 வந்துவிட்டால் போதுமா?

கருப்புக் கிளியர் கோட் (நிறத்தின் மேல் பூசும் ஒளிபுகும் மேற்பூச்சு) பேனல்கள் இன்னொரு பெட்டி நிறையத் திரும்பி வந்திருக்கின்றன. உடன் வந்த சோதனை அறிக்கையில் இருப்பது, ஒளியை 60 டிகிரி கோணத்தில் விழவைத்துப் பளபளப்பு மீட்டர் காட்டிய 93 என்ற ஒற்றை எண் மட்டுமே. அதே பேனலை டியூப் லைட்டுக்கு அடியில் பிடித்தாலோ, விளக்கின் பிம்பத்தைச் சுற்றிப் பால் படிந்தாற்போன்ற வெண்மை, அதாவது ஹேஸ், தெளிவாகத் தெரிகிறது. "மீட்டர் சரியாகத்தானே காட்டுகிறது" என்பது பெயிண்ட் ஷாப்பின் பதில். மீட்டர் சரியாகத்தான் காட்டுகிறது; கேட்ட கேள்விதான் தவறு.

60 டிகிரி அளவீட்டில் ஒளியை வாங்கும் சாளரம், ஒளி விழும் தளத்தில் 4.4 டிகிரி அகலமானது. பஃபிங் (மெருகேற்றத் தேய்ப்பது) விட்ட கீறல்களாலோ, சரியாக அரைபடாத நிறமியாலோ சிதறும் ஒளி, பிம்பத்திலிருந்து ஓரிரு டிகிரி மட்டுமே விலகிச் செல்வதால், அதில் பெரும்பகுதி அந்தச் சாளரத்துக்குள்ளேயே விழுந்து பளபளப்பின் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. கண் குறையென்று காணும் அதே ஒளியைத்தான் மீட்டர் மதிப்பெண்ணாகக் கூட்டுகிறது என்பதை எத்தனை முறை சொன்னாலும், 60 டிகிரி எண்ணை மட்டும் பெரிதாக அச்சிட்டு அனுப்பும் வழக்கம் மாறுவதில்லை. 20 டிகிரியில் சாளரம் 1.8 டிகிரிதான், ஆகவே ஒளி சிறிது விலகினாலும் எண் இறங்கும். 60 டிகிரியில் 70-ஐத் தாண்டினால் 20 டிகிரிக்கும், 10-க்குக் கீழே இருந்தால் 85 டிகிரிக்கும் மாற வேண்டும் என்பது பழைய நடைமுறைதான். அதற்கும் மேலாக, பிம்பத்தின் ஓரத்தில் விழும் ஒளியைத் தனி உணரிகளால் அளக்கும் ஹேஸ் மீட்டர்களும் இருக்கின்றன.

(பளபளப்பு எண்ணில் 100 என்பது நூறு சதவீதம் அன்று. ஒளிவிலகல் எண் 1.567 கொண்ட மெருகிட்ட கருப்புக் கண்ணாடிக்கு வழங்கப்பட்ட மதிப்பு அது. அந்தக் கண்ணாடி 20 டிகிரியில் திருப்பி அனுப்புவது ஏறத்தாழ 5 சதவீத ஒளியைத்தான். மெருகிட்ட உலோகத்தில் 1000-க்கு மேல் வந்தால் மீட்டரைச் சர்வீசுக்கு அனுப்ப வேண்டாம்.)

மீட்டரைச் சரிபார்க்கும் அளவுத்திருத்த டைலைச் சட்டை நுனியால் துடைக்காதீர்கள். அதில் ஒரு கீறல் விழுந்தால் அதன்பின் எடுக்கும் ரீடிங் அத்தனையும் பொய். வளைந்த பகுதியில் மீட்டரை அழுத்திப் பிடித்து எண் வாங்காதீர்கள். பஃபிங் செய்த பேனலில், கீறலின் திசையிலும் அதற்குக் குறுக்கேயும் பல இடங்களில் அளந்து, வேறுபாட்டையும் எழுதுங்கள். வெள்ளை, வெளிர் நிறங்களில் பெயிண்டின் உள்ளிருந்து பரவி வரும் ஒளியும் ஹேஸ் எண்ணில் கலந்துவிடும் என்பதால், மீட்டரில் நிறத்துக்கான திருத்தம் இருந்தால் அதை இயக்கிவிட்டு அளக்க வேண்டும்.

இன்னொன்றையும் தயவுசெய்து கவனியுங்கள்: ஒரு மீட்டர் ஹேஸை நேர்கோட்டு அளவிலும் மற்றொன்று மடக்கை அளவிலும் காட்டக்கூடும் என்பதால், எந்த முறை, எந்த அளவு என்பதை வாங்குபவரிடம் முன்கூட்டியே பேசி முடித்து, அறிக்கையில் எண்ணுக்குப் பக்கத்திலேயே குறித்து அனுப்புங்கள்.