‘நிலையான’ வேண்டாம், ‘வளங்குன்றா’ போதும்

‘மலைப் பகுதிகளில் நிலையான வேளாண் நிலப் பயன்பாடு’ என்ற தலைப்போடு இன்னொரு பயிற்சிக் கையேடு கைக்கு வந்திருக்கிறது. ‘சஸ்டெய்னபிள்’ என்ற ஆங்கிலச் சொல்லை எங்கே கண்டாலும் ‘நிலையான’ என்று போட்டுவிட்டுப் போகும் வழக்கம் நாளிதழ், பாடநூல், தொண்டு நிறுவன அறிக்கை என எல்லா இடத்திலும் பரவிவிட்டது. மற்ற துறைகளில் இது மங்கலான மொழிபெயர்ப்பு, அவ்வளவுதான். மலை வேளாண்மையிலோ பொருளையே தலைகீழாக்கிவிடுகிறது.

அந்த ஆங்கிலச் சொல்லின் பிறப்பு எளிது. லத்தீனில் ‘சப்’ என்றால் கீழே, ‘தெனேரே’ என்றால் பிடித்தல். இரண்டும் சேர்ந்தால் கீழிருந்து தாங்கிப் பிடித்தல். இன்றைய பொருளுக்கு விதை போட்டது காடு. ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியில் வெள்ளிச் சுரங்கங்களும் தாது உருக்கும் உலைகளும் மரத்தைத் தின்று தீர்த்துக்கொண்டிருந்தன. அங்கே சுரங்க நிர்வாகியாக இருந்த ஹான்ஸ் கார்ல் ஃபான் கார்லோவிட்ஸ், மீண்டும் வளர்கிற அளவுக்கு மேல் வெட்டாதே என்ற கருத்தை 1713இல் நூலாக எழுதினார். 1987இல் ஐ.நா. அமைத்த புருண்ட்லாண்ட் ஆணையத்தின் அறிக்கை, வருந்தலைமுறையின் தேவைக்குக் குந்தகம் வராமல் இன்றைய தேவையை நிறைவேற்றுவது என்று அதை விரித்தது. 1992இல் ரியோவில் நடந்த ஐ.நா. சுற்றுச்சூழல் மாநாட்டின் செயல்திட்டத்தில் 13ஆம் அத்தியாயம் முழுவதும் மலைகளைப் பற்றியது. ஆக, இந்தச் சொல்லின் உயிர் ‘மாறாமல் இருப்பது’ அல்ல. எடுக்க எடுக்கக் குறையாமல் பார்த்துக்கொள்வது.

தமிழில் ‘நிலையான’ என்ன சொல்கிறது? நிலையான வேலை என்றால் நிரந்தர வேலை. நிலையான அரசு என்றால் கவிழாத அரசு. நிலையான விலை என்றால் ஏறி இறங்காத விலை. அப்படியானால் ‘நிலையான வேளாண்மை’ என்று படிப்பவர் ஒரே இடத்தில் நிலைத்துச் செய்யும் வேளாண்மை என்றுதானே எடுத்துக்கொள்வார்? இடம்பெயர் வேளாண்மைக்கு எதிர்ச்சொல்லாக வகுப்பில் சொல்வதும் இதைத்தான்.

நாகாலாந்தில் கொனோமா என்ற ஊர் இருக்கிறது. அங்காமி நாகர்களின் ஊர். அங்கே ஜூம் எனப்படும் இடம்பெயர் வேளாண்மை நிலத்தில் ஆல்டர் மரங்களை வேரோடு பிடுங்குவதில்லை. பயிர் வைக்கும் காலத்தில் தலையை மட்டும் வெட்டுகிறார்கள். வெட்டிய கிளை விறகாகும், தழை மண்ணுக்குப் போகும். அடிமரம் உயிரோடு நின்று சரிவைப் பிடித்துக்கொள்ளும். அதன் வேர் முடிச்சுகளில் இருக்கும் நுண்ணுயிர் காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் சேர்க்கும். ஓரிரு ஆண்டு சாகுபடி முடிந்ததும் நிலத்தைச் சில ஆண்டு தரிசாக விட்டால் மரம் மறுபடி தழைத்துவிடும். மலைச்சரிவில் வளம் குறையாமல் விளைவிப்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது. ஆனால் இது நிலையான வேளாண்மை அல்ல, நகர்ந்துகொண்டே இருக்கும் வேளாண்மை. மொழிபெயர்க்கப்பட்ட பாடத்தை நம் மாணவர் படித்துவிட்டு, ‘கொனோமா மக்கள் நிலையான வேளாண்மைக்கு மாற வேண்டும்’ என்று தேர்வில் எழுதினால் அது அவர் குற்றமா?

நீலகிரியில் நடந்தது இதன் மறுபக்கம். அங்கே உருளைக்கிழங்கு நிலையாகத்தான் பயிரானது, அதே சரிவில், போகத்துக்குப் போகம். 1961இல் உதகைப் பக்கம் உருளைக்கிழங்கு நூற்புழு கண்டறியப்பட்டது. குண்டூசித் தலையளவுகூட இல்லாத முட்டைக்கூடு ஒன்றில் நூற்றுக்கணக்கான முட்டைகள். பல ஆண்டுகள் மண்ணுக்குள் சாகாமல் கிடக்கும். கிழங்கு வைக்க வைக்கப் பெருகும். அங்கிருந்து விதைக்கிழங்கு வெளியே போகவே தடை வந்தது. முட்டைக்கோஸ், கேரட் என்று பயிரை மாற்றி மாற்றி வைத்தால்தான் புழு தணியும். மண்ணைக் கெடுத்தது நிலைத்த பழக்கம், காப்பாற்றுவது மாற்றம். இதற்கும் ‘நிலையான’ என்றே பெயர் வைப்போமா?

மாற்றாகச் சொல்லப்படும் மற்றவையும் நிறைவு தரவில்லை. ‘நீடித்த’ என்றால் நெடுநாள் இழுத்தது. நீடித்த காய்ச்சல், நீடித்த போர் என்றுதான் நாம் பேசுகிறோம். ‘நிலைத்த’ என்பதும் இதுவும் இறந்தகாலப் பெயரெச்சங்கள். சஸ்டெய்னபிள் பார்ப்பதோ நாளையை. இரண்டிலும் ஐயம் வந்தவர்கள் ‘நீடித்த நிலையான’ என்று சேர்த்தே எழுதுகிறார்கள். இரண்டு தவறான சொல்லை அடுக்கினால் ஒரு சரியான சொல் ஆகிவிடாது. இலங்கையில் ‘நிலைபேறான’ என்கிறார்கள். நிலை அங்கேயும் விடவில்லை. ‘பேண்தகு’ என்பதும் அங்கே வழங்குகிறது. காண்தகு போல இலக்கணம் சரியாக அமைந்த அழகான சொல்தான். ஆனால் ‘பேண்தகு வேளாண்மை’ என்றால் பேணத்தக்கது வேளாண்மை என்றாகிறது. பேண வேண்டியது மண்ணையும் நீரையும் அல்லவா?

‘வளங்குன்றா’ என்ற சொல் ஏற்கெனவே வழக்கில் இருக்கிறது. எது குறையக்கூடாது என்பதை அது வெளிப்படையாகச் சொல்கிறது. ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் என்பதால் நேற்று, இன்று, நாளை மூன்றுக்கும் பொருந்துகிறது. இந்த வாய்பாடு நமக்குப் புதிதும் அல்ல. திருக்குறளின் நாடு அதிகாரம் தொடங்குவதே ‘தள்ளா விளையுளும்’ என்றுதான். குறையாத விளைச்சல்! கார்லோவிட்ஸ் காட்டுக்குச் சொன்னதை வள்ளுவர் நாட்டுக்கே முதல் இலக்கணமாக வைத்திருக்கிறார்.

மொழிபெயர்ப்பாளர்கள் மீது எனக்குள்ள வருத்தம் இதுதான்: கலைச்சொல் பட்டியலைப் பார்க்கிறார்கள், நிலத்தைப் பார்ப்பதில்லை. புதிதாகத் திருத்திய மலைக்கொல்லைக்கு ‘இதை’ என்றும், பலகாலம் உழுத பழங்கொல்லைக்கு ‘முதை’ என்றும் சங்கப் பாடல்களிலேயே தனித்தனிச் சொல் உண்டு. ஜவ்வாது மலையில் களைக்கொத்தால் கொத்தி விதைக்கும் சரிவு நிலம் கொத்துக்காடு, ஏர் ஓடும் நிலம் உழவுக்காடு. இத்தனை நுணுக்கமாக நிலத்தைப் பிரித்த மொழிக்கு வந்து, எல்லாவற்றையும் ‘நிலையான நிலப் பயன்பாடு’ என்று ஒரே பெட்டிக்குள் தள்ளுகிறோம். அந்தக் கையேட்டுக்கு ‘மலை நிலங்களில் வளங்குன்றா வேளாண்மை’ என்றே தலைப்பு வைத்திருக்கலாம்.

சஸ்டெய்னபிள் கடன் என்று வந்தால் அங்கே ‘வளங்குன்றா’ எப்படிப் பொருந்தும் என்று கேட்பார்கள். பொருந்தாதுதான். அங்கே ‘தாங்கக்கூடிய கடன்’ என்று எழுதுங்கள். ஆங்கிலத்தில் ஒரு சொல் என்பதற்காகத் தமிழிலும் ஒன்றே இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.