அது அழுக்கு இல்லை, தேய்க்காதீர்கள்

சரிசெய்யச் சொல்லி என்னிடம் இன்னொரு பழைய சீன ஜாடி வந்திருக்கிறது, உடம்பெல்லாம் முத்திரை அழுத்திய கோலம் போட்டது. வினிகரில் ஊறவைத்து, கம்பி பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு, "பாதி சுத்தமாயிடுச்சு சார், குழிக்குள்ள இருக்கிற பச்சையை மட்டும் நீங்க எடுத்துக் குடுங்க" என்கிறார்கள். அந்தப் பச்சைதான் ஐயா கிளேஸ், சூளைச் சூட்டில் உருகிப் படிந்த கண்ணாடி மாதிரிப் பூச்சு!

சீனப் பாண்டம் என்றாலே வெள்ளை உடம்பில் நீலப் பூ என்று எல்லோர் மனசிலும் பதிந்துவிட்டது. சீனாவின் பீங்கான் நகரமான ஜிங்தெஜென்னில் அந்த நீலம்-வெள்ளை செழித்தது 14-ஆம் நூற்றாண்டில். முத்திரை அழுத்திய இந்தக் கிளேஸ் பாண்டங்கள் அதற்கு 2,000 ஆண்டுகளுக்கும் முன்பே, கி.மு. காலத்து ஷாங் அரச வம்சத்திலேயே தொடங்கிவிட்டவை. ஷாங் நகரமான ஜெங்ஜோவில் கிடைத்திருக்கின்றன, பிற்பாடு செஜியாங் மாகாணத்தின் தெச்சிங் சூளைகளில் ஏராளமாகச் சுட்டிருக்கிறார்கள். நம் ஊறுகாய் ஜாடி மாதிரி ஸ்டோன்வேர்தான், ஆனால் களிமண்ணில் இரும்பு இருப்பதால் உடம்பு சாம்பலாகவோ பழுப்பாகவோ இருக்கும். வெள்ளையை எதிர்பார்த்துத் தேய்த்தால் கடைசிவரை வெள்ளை வராது.

கிளேஸுக்கு மூலப்பொருள் மரச்சாம்பல். சுமார் 1,200 டிகிரி சூட்டில் உருகி வழிகிறது, கட்டம் கட்டமாக அழுத்திய பள்ளங்களில் தேங்கிக் கரும்பச்சையாகிறது, மேட்டில் மெலிந்து பழுப்பாகத் தெரிகிறது, தோளில் திட்டுத்திட்டாக நிற்கிறது, அடிப்பகுதியில் பெரும்பாலும் இருக்கவே இருக்காது. அதாவது அது உதிர்ந்துபோன இடம் என்று நினைக்க வேண்டாம், முதலிலிருந்தே அங்கே பூச்சு கிடையாது. நிஜமாக உதிர்வதும் உண்டு, உடம்போடு சரியாக ஒட்டாத ஆரம்பகாலக் கிளேஸ் அது. மண்ணுக்குள் கிடந்து நைந்துபோன சுண்ணாம்புச்சத்து மிகுந்த அந்தப் படலத்தை வினிகர் என்ன செய்யும் என்று நான் வேறு சொல்ல வேண்டுமா?

வெறும் சேறு ஒட்டியிருந்தால் காய்ந்த மென்மையான பிரஷ் போதும். உள்பக்கத்தைத் தொடவே தொடாதீர்கள், அடியில் ஒட்டியிருப்பது ஆய்வுக்கு உதவலாம். உதிர்ந்த சில்லுகளை சூப்பர் க்ளூ போட்டு ஒட்டாமல் டப்பாவில் போட்டுக் கொண்டு வாருங்கள். தூக்கும்போது விளிம்பைப் பிடிக்காமல் அடியில் கை கொடுங்கள். அப்புறம், வயதறிய தெர்மோலூமினசன்ஸ் சோதனை செய்கிற எண்ணம் இருந்தால் அதற்கு முன்னால் தெரிந்த ஸ்கேன் சென்டரில் சி.டி. எடுத்துவிடாதீர்கள், அந்தக் கதிர்வீச்சும் கணக்கில் சேர்ந்து முடிவு குழம்பும். தயவுசெய்து, கை வைக்கும் முன் ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமையானாலும் பரவாயில்லை.